பேச்சை நடத்துபவர்

வயது வந்தோர் எழுதப் படிக்கக் கூடும் இடத்தில் எழுத்தோடு பேச்சும் நடக்கிறது. எழுத்துக்குப் பாடப்புத்தகம் உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. பேச்சுக்கு இருப்பவர் அதை நடத்துகிற ஓர் ஆள் மட்டும்தான். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் ஒருவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்வதற்கு அளவு வைத்தது. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும், 5 சொல் பிறர் சொல்லக் கேட்டு எழுத வேண்டும், 100 வரை எண் தெரிந்திருக்க வேண்டும். அதே இயக்கத்தின் வரையறையில் இன்னொன்றும் இருந்தது. தம்முடைய இல்லாமைக்கான காரணங்களை அறிந்து, ஒன்றுதிரண்டு நிலைமையை மாற்ற முனைவதும் எழுத்தறிவில் சேரும் என்றது அது. இதை நிமிடக் கணக்கில் அளக்க வழியில்லை; ஆகவே தேர்வில் வரவில்லை. தேர்வில் வராததால் முழுப் பொறுப்பும் நடத்துபவர் தலையில் விழுந்தது. வறுமையைப் பற்றியும் சாதியைப் பற்றியும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுகிறவர்களில் சிலர் அவற்றால் நொந்தவர்கள், சிலர் அவற்றால் ஆதாயம் பெற்றவர்கள். இவர்களுக்கு நடுவே இருப்பவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று யோசிப்பதற்குத் திருச்சிராப்பள்ளி வட்டாரம் நிறையப் பொருள் தருகிறது.

திருச்சிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது புதுக்கோட்டை. 1974-இல் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம். 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 62.66 விழுக்காடு; பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஆண்டுகளில்தான் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஊர் ஊராக முன்வந்த இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய வேலை அது. கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயலில் கூலி வேலை செய்தவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள், செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர்கள் அவர்களில் இருந்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தரப்பட்டது. பெண்களுக்கான சைக்கிளைவிட ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பலர் விரும்பினார்கள், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி நாடறியச் செய்தார். 1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நெல்லைப் பக்கத்து அறிவொளி அனுபவத்தை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் எழுதியிருக்கிறார். புதுக்கோட்டை அனுபவத்தை மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி ஆராய்ந்து 2013-இல் நூலாக்கினார்.

அறிவொளியின் பாடம் அகரவரிசையில் தொடங்கவில்லை. கற்பவரின் வாழ்க்கையில் கனமுள்ள ஒரு சொல்லை எடுப்பார்கள். அதைப் பற்றிப் பேசவிடுவார்கள். பிறகுதான் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவார்கள். தொடக்கப் பாடங்களில் ‘பட்டா’ இருந்தது. ப, ட இரண்டும் கை பழகாதவர்களுக்கு எழுத எளியவை. நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற பேச்சும் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடும். இம்முறையின் வேர் பிரேசிலில் இருக்கிறது. 1963-இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சியில் எழுத்துக் கற்பித்துக் காட்டினார் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே. அவர் அதை வகுப்பு என்று சொல்லவில்லை, பண்பாட்டு வட்டம் என்றார். அதில் ஆசிரியர் கிடையாது, ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். எழுத்துக் கற்பித்ததற்காக மட்டும் அவர் சிறைக்குப் போகவில்லை. கற்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே விவகாரம். இந்தியாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவுப் பாடத்தில் வந்த ஒரு குடிகாரக் குடும்பத்தின் கதையைப் பேசிய பெண்கள் 1992 வாக்கில் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993-இல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. பாடம் எழுதியவர்கள் அவ்வளவு தூரம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நல்ல சொல்லைப் போட்டால் நல்ல பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைப்பது தவறு. பட்டாவைப் பற்றிப் பேசச் சொன்னால் நிலமில்லாதவர், “நமக்கு ஏதுங்க பட்டா” என்று சிரித்துவிட்டு அடங்கிவிடுவார். அந்த இடைவெளியில் நடத்துபவர் நிலச்சீர்திருத்தத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் வேலை கெட்டது. கேட்டுக்கொண்டிருப்பது எளிய மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதிகாரி பேசும்போதும், அரசியல்வாதி பேசும்போதும், முதலாளி பேசும்போதும் அவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அந்த வரிசையில் இன்னும் ஒருவர் சேர்ந்ததாக மட்டுமே ஆகும்.

பேச்சு எந்த இடத்தில் நடக்கிறது என்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. ஊர் வேறு, காலனி வேறு என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் பிள்ளையார் கோயில் திண்ணையில் மையம் வைத்தால் காலனியிலிருந்து வர மாட்டார்கள். காலனிச் சமுதாயக்கூடத்தில் வைத்தால் ஊரிலிருந்து வர மாட்டார்கள். தனித்தனி மையம் வைத்துவிடுவது எளிய வழி. எழுத்து சேர வேண்டியவர்களுக்கு எழுத்து சேரும். அந்த அளவில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கேட்காமலேயே முழு எழுத்தறிவு பெற்றுவிட முடியும் என்பதும் அதனாலேயே சாத்தியமாகிறது.

நகரத்தில் இந்தப் பிரிவினை மறைவாக இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு சுற்றுகளாக அமைந்த ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் யார், சித்திரை வீதியில் யார், அடையவளைந்தானுக்கு அப்பால் யார் என்பதைச் சாதி நெடுங்காலம் தீர்மானித்துவந்தது. இன்று அடுக்குமாடிகளும் வாடகை வீடுகளும் கடைகளும் அந்த வரிசையைக் கலைத்துவிட்டன. என்றாலும் சித்திரை வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைக் கூட்டம் வைத்தால், அதே தெருவில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் படியோரம் நிற்பாரே தவிர மேலே ஏறி உட்காரத் தயங்குவார். மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பறையில் வைத்தால் வருவார். குழந்தைகளுக்கான பெஞ்சு முழங்காலை இடிக்கும், அது பரவாயில்லை. அந்த அறை யாருடைய வீடும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் சாதிப் பேச்சு எழுந்தால் திருப்பாணாழ்வார் கதை வராமல் இருக்காது. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர், ஊருக்குள் வராமல் காவிரிக் கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தார் என்றும், வழிவிடச் சொல்லி லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார் என்றும், அரங்கன் ஆணையால் அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து சன்னதிக்குள் கொண்டுபோனார் என்றும் மரபு சொல்கிறது. அவர் பாடியது பத்தே பாசுரம், ‘அமலனாதிபிரான்’. இந்தக் கதையை ஒருவர் சொல்லி முடித்ததும், “பார்த்தீங்களா, நம்ம ஊர்ல அப்பவே பேதம் கிடையாது” என்று இன்னொருவர் முடிவு கட்டிவிடுவார். நடத்துபவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பக்தியோடு சொல்லப்படும் கதையை நான்கு பேர் முன்னால் அறுத்துக் காட்டுவது சொன்னவரை அவமானப்படுத்தும். தோளில் வந்தவர் ஒருவர், அன்றைக்குக் கரையிலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைக் கூட்டத்தில் யாராவது கேட்கிறார்களா என்று காத்திருக்கலாம். பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் அவரே கேட்கலாம், கதையின் மரியாதை குறையாமல்.

நேரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் பெண்களுக்கு உண்டு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, நடவு தொடங்கிவிட்டால் அதுவும் இருக்காது. இடுப்பு ஒடிய நாற்று நட்டுவிட்டு வந்தவர் தூங்கி விழுவதை அக்கறைக் குறைவு என்று பதிவேட்டில் எழுதுகிறவர்கள் நாற்று நட்டதில்லை.

அழைக்கும் முறை இடத்தைவிட நுட்பமானது. பதினெட்டு வயதுத் தொண்டர் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லித்தரும்போது ‘அக்கா’, ‘அம்மா’ என்று தொடங்கினால் பாதிக் கூச்சம் போய்விடும். கிராமங்களில் ஆதிக்கச் சாதிப் பையன் தன் தாத்தா வயதுள்ள தலித் முதியவரை ‘வா, போ’ என்று கூப்பிடும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அந்தப் பையனும் அந்த முதியவரும் ஒரே வட்டத்தில் இருக்கும்போது நடத்துபவர் முதியவரை ‘ஐயா, நீங்க சொல்லுங்க’ என்று எல்லோர் காதிலும் விழக் கூப்பிடுவது ஒரு சொற்பொழிவுக்குச் சமம். பையனைத் திருத்த வேறொன்றும் செய்யத் தேவையில்லாமலும் போகலாம். நடத்துபவரும் பாயில் உட்கார வேண்டும். நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள், மரியாதைக்காக; அதை மரியாதையோடு ஒதுக்கிவைக்க வேண்டும்.

யாரை முதலில் பேசவிடுவது என்பது தினமும் எழும் சங்கடம். எந்தக் கூட்டத்திலும் இரண்டு மூன்று பேர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்கள். கொஞ்சம் படித்தவர், கட்சியில் இருப்பவர், அல்லது வீட்டில் யார் பேச்சும் எடுபடாதபடி பேசிப் பழகியவர். அவர்களை அடக்கினால் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள், தங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு. அவர்களிடம் வேலை கொடுப்பது நல்லது: இன்றைக்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவைத்துக் கடைசியில் சொல்லுங்கள் என்று. பேசுகிறவர் கேட்கத் தொடங்குவார். எதிர்முனையில், “எனக்கு என்னம்மா தெரியும்” என்று ஒதுங்குகிறவர் இருக்கிறார். இது அறியாமையின் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்பவர் ஏமாந்துபோவார். இந்தக் கூட்டத்தில் சொன்னால் நாளைக்கு வேலை கிடைக்குமா, சொன்னது யார் காதுக்குப் போகும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆகவே மௌனமாக இருப்பவரைப் பேச வைத்தே தீருவது என்று கிளம்புவது நல்ல நடத்துபவருக்கு அழகில்லை. மௌனத்துக்கும் ஓர் உரிமை உண்டு.

வறுமையைப் பற்றிய பேச்சு மூன்று தடத்தில் ஓடும். குடி, சோம்பல், தலையெழுத்து. வறியவர்களே இதைச் சொல்வார்கள், மற்றவர்களைவிடக் காட்டமாகச் சொல்வார்கள். மறுத்துப் பேசுவது பயன் தராது, ஏனென்றால் குடியால் அழிந்த வீட்டை ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறார்கள். இங்கே கைகொடுப்பது கணக்கு. பாடத்தில் கூட்டலும் கழித்தலும் வரும் நாளில் மாம்பழத்தையும் கோழிமுட்டையையும் விட்டுவிட்டு வட்டியை எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் மாதத்துக்குப் பத்து. 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. அசல் அப்படியே நிற்கும். வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்டியும் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பது பலகையில் எழுதிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது. தண்டல் இன்னும் சுவையான கணக்கு. 10,000 என்று பேசி, முன்னாலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். “நூறு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே” என்று தோன்றும். ஆனால் ஐம்பதாவது நாளிலேயே வாங்கியதில் பாதிக்கு மேல் திரும்பிப் போயிருக்கும். முழு 8,500-உம் கையில் இருந்தது முதல் நாள் மட்டுமே. வட்டியோ முழுத் தொகைக்கும் பிடிக்கப்பட்டது. காந்தி மார்க்கெட்டில் காலையில் காய் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவருக்கு இந்தக் கணக்கு வாய்க்கணக்காகத் தெரியும், ஒருவேளை நடத்துபவரைவிட வேகமாகத் தெரியும். தெரிந்தும் ஏன் வாங்குகிறார்? வங்கி கேட்கும் தாளும் பிணையும் அவரிடம் இல்லை, காலை நாலு மணிக்குப் பணம் தருகிறவர் தண்டல்காரர் ஒருவரே. இந்த இடத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டால் சோம்பல் என்ற விளக்கம் தானாகவே கழன்றுவிடும். நாலு மணிக்கு எழுந்து சந்தைக்குப் போகிறவரை யார் சோம்பேறி என்பது? குடியைப் பற்றிய பேச்சு கழலாது, கழலவும் வேண்டாம். அது உண்மையான துயரம், அதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதற்கு விளக்கம் சொல்லி ஆண்களைக் காப்பாற்றுவது நடத்துபவரின் வேலை அல்ல.

சாதியைப் பற்றிய பேச்சில் கணக்கு உதவாது. “இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்குறா?” என்பது முதல் வாக்கியம். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஆகவே கேள்வியைத் தரையில் இறக்க வேண்டும். டீக்கடையில் யாருக்கு எந்தக் குவளை, சாமி ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, செத்தவரை எந்த வழியாக எடுத்துப் போகிறார்கள், எங்கே புதைக்கிறார்கள். கடைசிக் கேள்விக்குத் திருச்சி நகரத்திலேயே ஒரு பதில் நிற்கிறது. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராட்டங்கள் நடந்துவந்திருக்கின்றன. சாதி என்பது அக்கிரகாரத்து விஷயம், அல்லது கிராமத்து விஷயம், அல்லது ஒரு மதத்து விஷயம் என்று ஒதுக்கிவிட நினைப்பவர்களுக்கு அந்தச் சுவர் இடமளிக்காது.

இப்படிப் பேசும்போது ஒரு நாள் கூட்டத்தில் யாரோ ஒருவர் இழிசொல்லைச் சொல்லிவிடுவார், கோபத்தில் அல்லது பழக்கத்தில். பல சமயம் அது பழமொழியாக வரும். சாதிப் பேரை வைத்துத் தமிழில் இருக்கும் பழமொழிகளுக்குப் பஞ்சமில்லை. நடுநிலை என்று பலர் சொல்லிக்கொள்வது இந்த நொடியில் சோதனைக்கு வருகிறது. இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வோம் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் சொன்னவர் பக்கம் நின்றதாகவே ஆகும். அங்கேயே, அப்போதே, குரலை உயர்த்தாமல், இந்தச் சொல் இங்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை. அதற்கு அடுத்து வருவதில்தான் நல்ல மனம் படைத்தவர்களும் தடுமாறுகிறார்கள். அவமதிக்கப்பட்டவர் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க, இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிடுகிறார்கள். பரிவோடு கேட்பதாக நினைப்பு. உண்மையில் அடிபட்டவரையே சாட்சிக்கூண்டில் ஏற்றி, காயத்தைக் காட்டி நிரூபிக்கச் சொல்கிறார்கள். அவர் அழுதால் கூட்டம் நெகிழும், அழாவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைக்கும். இரண்டுமே அவருக்கு நட்டம். கேள்வியை, இழிசொல்லைச் சொன்னவர் பக்கம் திருப்ப வேண்டும்: இந்தப் பழமொழியை எங்கே கேட்டீர்கள், யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று. அவர் தன் வீட்டை, தன் பாட்டியை, தன் தெருவைப் பற்றிப் பேச வேண்டி வரும். நோய் எங்கே இருக்கிறதோ அங்கே பேச்சு போகும்.

நடத்துபவருக்கும் சாதி உண்டு. பேர், தெரு, பேச்சு வழக்கு, யார் வீட்டில் தண்ணீர் குடித்தார் என்பதை வைத்து ஐந்து நிமிடத்தில் ஊர் கண்டுபிடித்துவிடும். எனக்குச் சாதி இல்லை என்று அவர் அறிவித்துக்கொள்வதை யாரும் நம்பப் போவதில்லை. மேல்சாதியில் பிறந்து நல்லெண்ணத்தோடு வருகிறவர் தன் வருத்தத்தைக் கூட்டத்தில் கொட்டுவதும் சரியில்லை. அதைக் கேட்டு ஆறுதல் சொல்லும் கூடுதல் வேலையையும் கூலிக்காரர்கள் மேல் சுமத்தியதாகிவிடும்.

சாதியையும் நிறவெறியையும் ஒன்றென்று சொல்லலாமா என்ற வாதம் 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாட்டில் உலகளவில் எழுந்தது. இந்திய அரசு கூடாது என்றது, தலித் அமைப்புகள் வேண்டும் என்றன. கோட்பாட்டில் எது எப்படியோ, எழுத்தையும் பேச்சையும் சேர்த்து நடத்துவதில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இங்குள்ளவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். தென் கரோலினாவில் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ய, அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கறுப்பின மக்களை ஓட்டளிக்கவிடாமல் தடுக்க அது வசதியான வழி. சார்ல்ஸ்டன் அருகே ஜான்ஸ் தீவில் எசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டினார். தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். எழுத்தே தெரியாதவர்களுக்கு அது போதவில்லை. 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் குடிமை வகுப்பு தொடங்கியது. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க முன்னால் கடை. நிறவெறி எதிர்ப்பு அமைப்பில் உறுப்பினராக இருந்ததற்காக ஆசிரியர் வேலையை இழந்திருந்த செப்டிமா கிளார்க் அதற்குத் திட்டம் வகுத்தார். நடத்தியவரோ ஆசிரியர் அல்லர். பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுநிலையக்காரர். பள்ளி ஆசிரியர்கள் முதியவர்களைக் குழந்தைகள் போல நடத்திவிடுவார்கள் என்பதால் வேண்டுமென்றே ஆசிரியரல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராபின்சன் முதல் நாளில், தான் ஆசிரியர் இல்லை, சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பேரெழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவற்றையே பாடமாக்கினார். கூடவே ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டி, முடிவில் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்றார். அவர் தொடங்கிய இடம் அவர்கள் கேட்டது. போக நினைத்த தூரம் அவர் வைத்தது. இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் அது வெறும் எழுத்து வகுப்பாகவோ வெறும் பிரசாரமாகவோ முடிந்திருக்கும். அழகுநிலையம் நடத்தியவர் என்பதும் தற்செயல் இல்லை. வெள்ளையரிடம் கூலி வாங்காதவர் என்பதால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை. தலையை ஒப்புக்கொடுத்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய காதும் அவருக்கு இருந்தது. தெற்கு மாநிலங்கள் முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான வகுப்புகள் பரவின. 1965-இல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தபோது தென் கரோலினாவின் எழுத்துச் சோதனை முடிவுக்கு வந்தது.

திருச்சியில் நடத்துபவருக்கு எழும் இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. நகரத்தின் துப்புரவுப் பணியில் பெருமளவு இருக்கும் அருந்ததியர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். திருவெறும்பூர் வட்டத்துத் தேவராயநேரியில் வாழும் நரிக்குறவர்களின் வாக்ரிபோலி மொழிக்கு எழுத்தே கிடையாது. 2023-இல்தான் அவர்கள் தமிழ்நாட்டில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கோயில் வாசலில் பாசிமணி விற்பதற்கு வேண்டிய தமிழை அவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் வலிக்கும் விஷயத்தைப் பேசும்போது வீட்டு மொழிக்குத் தாவிவிடுவார்கள். நடத்துபவருக்குப் புரியாத பேச்சு பத்து நிமிடம் ஓடும். தமிழில் பேசுங்கள் என்று நிறுத்தாமல் இருப்பது நல்லது. நடத்துபவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கூட்டம் கூடவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் எழுத்தறிவு சாதியை ஒழிக்குமா என்றால், ஒழிக்கவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது ஆய்வுக்குச் சென்ற அப்போதைய கலெக்டர் கவிதா ராமு, அந்தப் பகுதியில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் விடப்படாததையும் கண்டு நடவடிக்கை எடுத்தார். முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இதைக் காட்டி அறிவொளி தோற்றுவிட்டது என்பவர்கள் அதன் மேல் அது சுமக்க முடியாத பாரத்தை ஏற்றுகிறார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் சாதியை விட்டுவிடுவார்கள் என்று எந்தக் காலத்திலும் சான்று இருந்ததில்லை. நன்கு படித்தவர்கள் அதை நன்றாக வாதாடிக் காப்பாற்றுகிறார்கள். அறிவொளியால் நடந்தது வேறு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கும் பெண்கள் உருவானார்கள். மனுவுக்குப் பதில் வந்ததா என்பது தனிக் கதை. (இன்று ரேஷன் கடையில் பட்டதாரியும் கைரேகை வைத்து அரிசி வாங்குவதைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாகவும், பெண்களிடம் 73.44 விழுக்காடாகவும் ஏறியது. எஞ்சியவர்களுக்காக இப்போது நடப்பது 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தன்னார்வலர்கள் கற்பிக்கிறார்கள். முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. இல்லாமைக்கான காரணம் பற்றிய பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது என்பதில் பழைய திட்டத்துக்கும் புதியதற்கும் வேறுபாடில்லை.

அந்தப் பேச்சு இன்று பெரும்பாலும் நடப்பது மகளிர் சுயஉதவிக் குழுக்களில். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய முறை அது. 12 முதல் 20 பேர் சேர்ந்து சேமித்து, கடன் வாங்கி, கூடிப் பேசுகிறார்கள். கூட்டத்தை நடத்துபவருக்கு ஊக்குநர் என்று பேர். அந்தப் பொறுப்பு உறுப்பினர்களிடையே சுழன்று வர வேண்டும் என்பது குழுவின் நடைமுறை. பல குழுக்களில் அது சுழல்வதில்லை. தீர்மான நோட்டையும் வங்கிக் கணக்கையும் எழுதத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். அவரே ஆண்டுக்கணக்கில் ஊக்குநராக இருந்துவிடுகிறார். யார் என்ன சொன்னார் என்பதில் எது நோட்டில் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்பதும் அவர் கையில். கடன் யாருக்கு முதலில் என்ற சண்டை வரும்போது மற்றவர்கள் நோட்டைக் கேட்கிறார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் தன் பெண்ணைக் கூப்பிடுகிறார். சில குழுக்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. கூட்டம் முடியும் முன் அன்றைய தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிவிட்டே கையெழுத்து வாங்குகிறார்கள், படிப்பது ஊக்குநர் அல்லாத வேறு ஒருவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.